காம்பை எடுத்தார்கள், பை இருக்கிறது

சிப்புட்காரி:

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, டவுனில் வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. வீட்டுக்காரரோடு சேர்ந்த மறுநாள் லேசாக ரத்தக்கறை படும். மாதக் கணக்குத்தான் தப்பியிருக்கும் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். அப்புறம் கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) கர்ப்பப்பை வாயைத் தடவிப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுத்தார், அதற்குப் பிறகு சதை எடுத்துச் சோதித்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று. எனக்கு அப்போது 29.

முதலில் பார்த்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "கர்ப்பப்பையை எடுத்துடலாம், கையெழுத்துப் போடுங்க." பிள்ளை இருக்கிறதா, வேண்டுமா என்று ஒரு கேள்வி இல்லை. நான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். கூட வந்த மாமியார்தான், "இருங்க டாக்டர், இவளுக்கு இன்னும் ஒரு பிள்ளைகூட இல்ல. வேற வழி இருக்கான்னு யாரைப் போய்க் கேக்கணும்?" என்றார். அதுவரை அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்டதால்தான் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பெண்களின் புற்றுநோயை மட்டுமே பார்க்கும் டாக்டர், என் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு ஜம்புப் பழத்தைத் தலைகீழாக வரைந்தார். அகலமான பக்கம் மேலே, பிள்ளை வளரும் பை. காம்புப் பக்கம் கீழே, அதுதான் வாய். "நோய் காம்பில்தான் இருக்கு, கட்டியும் 2 சென்டிமீட்டருக்குள்ள" என்றார். காம்பையும் அதை ஒட்டிய திசுவையும் யோனியின் மேல்விளிம்பில் கொஞ்சத்தையும் வெட்டிவிட்டு, பையை யோனியோடு சேர்த்துத் தைத்துவிடுவார்களாம். ட்ரக்கிலெக்டமி என்று பெயர். பிரான்சில் டேனியல் டார்ஜான் என்ற டாக்டர் 1987இல் தொடங்கிவைத்தது. பிறகு கர்ப்பம் தங்கினால் அவிழ்ந்துவிடாதபடி, பையின் கீழ்வாயைச் சுற்றி ஒரு தையல். எனக்குப் பாட்டியின் வெற்றிலைச் சுருக்குப்பைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் இடுப்புப் பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்தாலோ, வெட்டிய ஓரம் சுத்தமாக இல்லாவிட்டாலோ திட்டம் மாறிவிடும், பை தப்பாமலும் போகலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் வயிற்றைத் தொடவில்லை. மிஸ்ஸியின் முகத்தைத்தான் பார்த்தேன். "பை இருக்கு" என்றார்.

மூத்திரக் குழாயோடு பத்து நாள். வலியைவிட அதுதான் கொடுமை. பார்க்க வந்தவர்கள் கண்ணில் படாமல் குழாய்ப் பையைக் கைலி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பழைய மிஸ்ஸி:

முப்பது வருஷம் கிளினிக்கில் வேலை பார்த்தேன். தோட்டத்துப் பெண்களைப் பாப் ஸ்மியருக்குக் கூட்டி வருவதற்குள் உயிர் போய்விடும். 'டாக்டர் ஆம்பளையா?' என்பதுதான் முதல் கேள்வி. தங்கச்சிக்கு வந்ததைவிடச் சின்னதாக, மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற அளவில் இருந்தால், பல பேருக்குக் கூம்பு மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்தாலே போதும். இப்போது சில இடங்களில் பஞ்சுக்குச்சியை நாமே உள்ளே விட்டு, இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி கிருமி இருக்கிறதா என்று சோதனைக்குக் கொடுக்கலாம். வெட்கத்துக்கு இனி சாக்கே இல்லை.

பீடோர் அக்கா:

படிக்கச் சந்தோஷம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, மறைப்பானேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போய்க்கொண்டு இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவள் நான். கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. கதிர்வீச்சு, கூடவே கீமோ. கத்தி வைக்கவில்லை, பை உள்ளேதான் இருக்கிறது, ஆனால் பட்டுப்போன மரம். 34 வயதில் மாதவிலக்கும் நின்றது. அதற்குமுன் பிறந்த மகள் ஒருத்தி இருக்கிறாள். பள்ளியில் 13 வயதுப் பெண்களுக்கு 2010இல் எச்பிவி ஊசி ஆரம்பித்தபோது கையெழுத்துக்குத் தாள் வந்தது. 'வயசுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி' என்று வீட்டில் ஒரே சண்டை. நான் கையெழுத்துப் போட்டேன்.

கூலிம் அம்மா:

எனக்கும் இதே ஆபரேஷன்தான். ஒரு வருஷம் கழித்துத் தங்கியது ஐந்தாம் மாதம் போய்விட்டது. அடுத்தது 33 வாரத்தில் பனிக்குடம் உடைந்து, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். தையல் இருப்பதால் சுகப்பிரசவத்துக்கு வழியே இல்லை. ஒரு கிலோ எண்ணூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் எலிக்குஞ்சு மாதிரி கிடந்தான். இப்போது சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். குறைமாதம் ஆகும் என்று முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள் தங்கச்சி, குழந்தைகளுக்கு ஐசியு இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்.

சிப்புட்காரி:

பீடோர் அக்கா, வயிற்றெரிச்சல் படுங்கள், தப்பே இல்லை. எனக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை செக்கப், வரும் வியாழக்கிழமை மறுபடியும் ரயில். மாமியார் இட்லி கட்டித் தருகிறாராம்.

கூலிம் அக்கா, ஐந்தாம் மாதம் போனதற்குப் பிறகு அடுத்ததற்கு எத்தனை மாதம் காத்திருக்கச் சொன்னார்கள்? இதை டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.