2019 கோடையில சென்னையில வந்த தண்ணிப் பஞ்சத்துக்கு அப்புறம், தண்ணியை மிச்சம் பிடிக்க வீட்டுல, ஆபீஸ்ல என்ன மாத்தினீங்க?

மடிப்பாக்கம்:
பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு கிடந்த அந்த ஜூன்ல எங்க அபார்ட்மென்ட் போர்வெல்ல வெறும் காத்துதான் வந்துச்சு. லாரிக்குப் பணம் கட்டினாலும் எப்ப வரும்னு தெரியாது. அப்ப ஆரம்பிச்ச ஒரு பழக்கம் இன்னிக்கும் நிக்கல. தண்ணியைச் சுத்தம் பண்ற ஆர்.ஓ. மெஷின்ல ஒரு லிட்டர் குடிதண்ணி பிடிச்சா, அதைவிட அதிகமாவே கழிவா சிங்க்ல போயிடுது. அந்தக் கழிவுத் தண்ணி வர்ற சின்ன டியூபை ஒரு குடத்துக்குள்ள விட்டுட்டோம். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ அதுதான். உப்பு அதிகம்கிறதால செடிக்கு மட்டும் தினமும் ஊத்தாதீங்க. ஆபீஸ்ல எல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?

துரைப்பாக்கம்:
அந்தச் சமயம் ஓ.எம்.ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) பல ஐ.டி. கம்பெனிங்க வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொல்லிட்டாங்க. நான் அட்மின், ஆபீஸ்லதான் இருந்தாகணும். சனிக்கிழமை சாயங்காலம் டேங்கை நிரப்பிட்டுப் பூட்டிட்டுப் போவோம். திங்கக்கிழமை காலைல பார்த்தா பாதி காலி! எந்தக் குழாயும் சொட்டல, சுவர்ல ஈரமும் இல்ல. எங்க ஹவுஸ்கீப்பிங் அக்காதான் கண்டுபிடிச்சாங்க. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து, துணிக்குப் போடற சொட்டு நீலத்தை நாலு சொட்டு விட்டாங்க. அப்புறம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சுத் திறந்தா, கோப்பைக்குள்ள மெல்லிசா நீலக் கோடு இறங்கியிருக்கு. உள்ள இருக்கற ரப்பர் தேஞ்சு, சத்தமே இல்லாம ராப்பகலா ஒழுகியிருக்கு. அப்படி ஒவ்வொரு மாடியிலும் இருந்துச்சு. ரப்பர் மாத்தினதோட நின்னுச்சு. வெளியூர்ல இருந்து லாரி வரவழைக்கப் பட்ட பாட்டுல கால்வாசி இதுக்குப் பட்டிருந்தா போதும். அந்த அக்காவை மீட்டிங்ல கூப்பிட்டு, எல்லாரையும் அவங்களுக்கு நன்றி சொல்ல வெச்சேன். அது அவங்களுக்குச் சேர வேண்டிய மரியாதை.

அப்புறம், ஸ்பிளிட் ஏ.சி.ல இருந்து சொட்டற தண்ணியையும் பக்கெட்ல பிடிச்சுத் தரை துடைக்கறோம்.

வில்லிவாக்கம்:
ஜோலார்பேட்டையில இருந்து தண்ணி ரயில் வந்தது எங்க ஊருக்குத்தான். 2019 ஜூலை, 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அதே வருஷம் மழை கொட்டினப்ப மொட்டை மாடித் தண்ணி அத்தனையும் தெருவுல ஓடுச்சு பாருங்க, வயிறு எரிஞ்சுது. 1000 சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல வருதே! 2003லயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆச்சு. பல வீட்டுல பைப் இருக்கும், அது போய்ச் சேர்ற குழியில மண்ணு அடைச்சிருக்கும். நாங்க வருஷா வருஷம் புரட்டாசியில குழியைத் தோண்டி, ஜல்லியையும் மணலையும் வெளிய எடுத்து அலசிப் போடறோம். மாடியைப் பெருக்கிடுங்க. முதல் மழையை வெளியே விட்டுட்டு, அடுத்த மழையில இருந்து கிணத்துக்குத் திருப்புங்க.

மடிப்பாக்கம்:
அக்கா சொன்ன நீலத்தை நேத்து ராத்திரி போட்டுப் பார்த்தேன். எங்க வீட்டுல ஒரு ஃப்ளஷ் டேங்க் ஒழுகுது. பிளம்பருக்குச் சொல்லியாச்சு, பிளாக் முழுக்கப் பார்க்கச் சொல்றேன்.