லீஸில் கார் எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ (ஒன்ராறியோ, கனடா)

ஸ்காபரோவிலிருந்து:

எங்கட மூன்று வருடக் கார் லீஸ் முடியப்போகுது. லீஸ் எண்டால் மாதாமாதம் காசு கட்டி ஓடிப்போட்டு, காலம் முடியக் காரைத் திருப்பிக் குடுக்கிறது, அல்லது ஒப்பந்தத்தில எழுதின விலைக்கு வாங்கிறது. காரைத் திருப்பிக் குடுக்கிற யோசனையில இருக்கிறம். புதுசா எடுக்க நினைக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதுறன்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில இரவு வேலை. தை மாசக் குளிரில, விடியப்புறம் 401 நெடுஞ்சாலையில நிண்டுபோற காரை நம்பி அவவை அனுப்பேலாது. அதுக்காகத்தான் புதுக் கார் பார்த்தம். இங்க டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் முழு வாரண்டி மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர். நாங்கள் வருடத்துக்கு 20,000 எண்ட கணக்கில எடுத்தபடியால் லீஸ் காலம் முழுக்க வாரண்டிக்குள்ளேயே ஓடி முடிஞ்சுது. ஒயில் மாத்தினது, வின்ரர் ரயர் வாங்கினது தவிர பெரிய செலவு வரேல்ல. அந்த நிம்மதிக்கு நான் சந்தோசமாக் காசு கட்டினன்.

மாதக் காசு ஏன் குறைவா வருது எண்டதை எல்லாரும் விளங்கிக்கொள்ளவேணும். காரின்ர விலை 40,000 டொலர், மூன்று வருடம் முடிய அதன்ர மதிப்பு 24,000 எண்டு ஒப்பந்தத்தில எழுதியிருக்கு எண்டு வையுங்கோ. நீங்கள் கட்டுறது இடையில குறையுற 16,000ஐயும் வட்டியையும்தான். 13 வீத எச்எஸ்ரியும் (விற்பனை வரி) அந்த மாதக் கட்டணத்துக்கு மட்டும். லோனில வாங்கினால் முழு விலைக்கும் வரி, 5,200 டொலர், முதல் நாளே சேர்ந்திடும். ஆனா லீஸில வட்டி, வரி மாதிரி இல்லை. நீங்கள் கட்டித் தீர்க்காத அந்த 24,000க்கும் மூன்று வருடமும் வட்டி ஓடும். "மாதம் எவ்வளவு" எண்டு மட்டும் கேட்டால் இது கண்ணில படாது. வட்டிவீதத்தைக் கேட்டு, எழுத்தில வாங்குங்கோ.

திருப்பிக் குடுத்தால் கையில ஒண்டும் மிஞ்சாது. இது எனக்கு உண்மையிலேயே கவலைதான்.

ஏஜக்ஸிலிருந்து:

அண்ணா, உங்கட ஓட்டத்துக்கு லீஸ் சரி. எனக்கு மிசிசாகாவில வேலை, போக வர 130 கிலோமீற்றர் வரும். வேலைக்கு மட்டுமே வருடம் 30,000 தாண்டும். அதோட மொன்றியலில கலியாணம், சாமத்தியவீடு எண்டால் போய்வர ஆயிரத்துக்கு மேல. வருடம் 20,000 கிலோமீற்றர்தான் எண்ட லீஸில வருடம் 10,000 கூட ஓடினால் நாலு வருடத்தில 40,000. கூட ஓடின ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 15 சதம் எண்டாலும் 6,000 டொலர், அதுக்கு மேல வரி. நான் கணக்குப் பார்த்துப்போட்டு லோனில எடுத்திட்டன். கட்டாயம் லீஸ்தான் எண்டால் கூடுதல் கிலோமீற்றரை முதலே வாங்கிப் போடுங்கோ, கடைசியில கட்டுறதைவிட மலிவு.

இன்னொண்டு. ஒன்ராறியோவில டீலரிட்ட கையெழுத்து வச்சால் மனம் மாறினன் எண்டு திருப்பிக் குடுக்கிற காலம் ஒண்டும் சட்டத்தில இல்லை. வேலை போனாலும் லீஸ் லீஸ்தான். இடையில முறிக்கிறதுக்குக் கேட்கிற காசு பெரிசு. வேற ஒருவருக்கு மாத்திவிடலாம், ஆனா லீஸ் கொம்பனி சம்மதிக்கவேணும்.

பிரம்டனிலிருந்து:

ஸ்காபரோ அண்ணா, குடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ! எங்கட நாலு வருட லீஸ் 2022இல முடிஞ்சுது. கம்பியூட்டர் சிப் தட்டுப்பாட்டால புதுக் கார் கிடைக்காமல், பழைய கார் விலை ஏறிக்கிடந்த நேரம். ஒப்பந்தத்தில 2018இலேயே எழுதின கடைசி விலை, சந்தை விலையைவிட ஆயிரக்கணக்கில குறைவு. டீலர் காரை விட்டிட்டுப் புதுசுக்கு ஓடர் போடச் சொல்லி நிண்டார். நாங்கள் எழுதின விலைக்கே வாங்கி இப்பவும் ஓடுறம். வாங்கேக்க அந்தக் கடைசி விலைக்கும் எச்எஸ்ரி உண்டு, அதையும் கணக்கில சேருங்கோ. நாங்கள் வாங்கினபடியால் கூட ஓடின கிலோமீற்றருக்கும் கீறலுக்கும் ஒரு சதமும் கட்டேல்ல.

இப்ப அந்த நேரம் மாதிரி இல்லை. எண்டாலும் உங்கட ஒப்பந்தத்தை எடுத்து அந்த 24,000 எண்ட இடத்தில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. அதே வருடம், அதே மொடல், அதேயளவு ஓடின கார்கள் என்ன விலைக்குப் போகுது எண்டு தேடுங்கோ. வித்தியாசம் உங்கட பக்கம் எண்டால் குடுக்காதேங்கோ. சந்தை விலை குறைவு எண்டால் யோசிக்காமல் திறப்பைக் குடுத்திட்டு வாங்கோ, அந்த நட்டம் கொம்பனியின்ர. குடுக்கிறதெண்டால் முன்கூட்டியே பரிசோதனைக்கு விட்டு, கண்ணாடி வெடிப்பு, ரயர் தேய்மானத்தை வெளியில மலிவாச் சரிசெய்யுங்கோ. அவையள் போடுற பில் எப்பவும் கூடத்தான்.