பந்தயத்துக்கு முன்னால் தலைகீழாக நிற்கும் இந்த சைக்கிள்காரர் யார்?

பஞ்சர்_பாண்டி:
பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கண்ணில் பட்டது. டிராக் ஓரத்தில் ஓர் ஆள் சிரசாசனம் போட்டு நிற்கிறார், கீழே ‘ரூடி ஆல்ட்டிக், மேற்கு ஜெர்மனி’ என்று மட்டும் இருக்கிறது. தேடினால் டிராக்கில் உலகச் சாம்பியன், அப்புறம் 1962இல் ஸ்பெயினைச் சுற்றி ஓட்டும் வுவெல்ட்டா ரோடு பந்தயமும் இவருடையதுதான் என்கிறார்கள். ஆறு நிமிடப் பந்தயமும் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடும் பந்தயமும் ஒரே உடம்புக்கு எப்படிச் சரிப்பட்டது? அந்த யோகா நிஜமா, கேமராவுக்காகவா?

ஒற்றைகியர்:
யோகா நிஜம்தான், அதற்காகவே அந்தக் காலத்தில் பேர்போனவர். பிறந்தது 1937, மான்ஹைம். அண்ணன் வில்லியும் சைக்கிள்காரர்தான். இவருடைய சொந்த வீடு என்றால் பெர்சூட். அதாவது டிராக்கின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலிருந்து இருவர் கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்த வேண்டும். பிரேக் கிடையாது, பெடலை நிறுத்தவும் முடியாது, காற்றுக்கு ஒதுங்கிக்கொள்ள முன்னால் ஒரு முதுகும் கிடையாது. 1959இல் அமெச்சூர் உலகப் பட்டம், 1960, 61 இரண்டிலும் தொழில்முறைப் பட்டம். உங்கள் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் ரோட்டுக்கு வந்த பிறகும் இவர் பெரும்பாலும் பெர்சூட்தான் ஓட்டினார், தூரம் மட்டும்தான் கூடியது. 1964இல் பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான ஃபிளாண்டர்ஸில் வெகு தூரம் முன்பே தனியாகக் கிளம்பிப் போய் நிமிடக் கணக்கில் ஜெயித்தார். மலை மட்டும் இவருக்கு ஒத்துவராது, கனமான ஆள். அதனால்தான் டூர் டி பிரான்ஸில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியை மொத்தம் 18 நாள் போட்டும், 8 கட்டங்கள் ஜெயித்தும், பாரிஸில் முடியும்போது அது இவர் தோளில் இல்லை. 62இல் புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியோடு சரி.

எதிர்க்காற்று:
வுவெல்ட்டா கதையை விட்டுவிட்டீர்களே! இவர் ஓட்டிய அணியின் முதலாளி மாதிரி இருந்தவர் பிரான்ஸின் நட்சத்திர ஓட்டக்காரர் ஜாக் ஆங்கெத்தீல், அங்கே போனதே தான் ஜெயிப்பதற்குத்தான். ஆனால் முதலிடத்துக்கான ஜெர்சி கூட வந்த ஆல்ட்டிக்கிடம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஆங்கெத்தீல் உடம்பு முடியாமல் விலகிவிட்டார்.

அதே வருடக் கடைசியில் இத்தாலியில் பராக்கி கோப்பை, இருவர் இருவராக ஓட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேலான டைம் டிரையல். விதி பாருங்கள், அதே இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தது. தனியாக நேரத்தோடு மல்லுக்கட்டுவதில் அப்போது ஆங்கெத்தீலை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் அன்றைக்குக் காலில் ஒன்றுமே இல்லை. ஆல்ட்டிக் முன்னால் இழுக்கிறார், திரும்பிப் பார்க்கிறார், ஆள் பின்தங்கிவிட்டார். வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்து, முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டு, மறுபடி முன்னால் ஓடி இழுக்கிறார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. கத்தலும் திட்டும் வேறு. கடைசியில் பந்தயம் முடியும் வெலோட்ரோம் (சைக்கிள் டிராக் அரங்கம்) வாசலில் ஆங்கெத்தீல் வளைவைத் தவறவிட்டு மோதி ரத்தத்தோடு விழுந்தார். நேரம் அந்த வாசலிலேயே எடுக்கப்பட்டிருந்ததால் ஜோடி ஜெயித்தது!

ஒற்றைகியர்:
அந்தத் தள்ளல் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. டிராக்கில் ஜோடியாக ஓட்டும் ஆறு நாள் பந்தயங்களில் ஜோடியின் கையைப் பிடித்து வீசிவிடுவதுதான் தொழிலே, இவர் அதில் இருபதுக்கு மேல் ஜெயித்தவர். டிராக் பழக்கம் கையிலேயே இருந்திருக்கும்.

சந்தேகராமன்:
எல்லாம் சரி, ‘சைக்கிள் ஓட்டும் மருந்துக்கடை’ என்று ஜெர்மனியில் பட்டப்பெயர் வைத்ததையும் சொல்லுங்கள் ஐயா. 1966இல் நூர்பர்க்ரிங்கில், சொந்த மண்ணில், ஆங்கெத்தீலையும் இன்னொரு பிரெஞ்சுக்காரர் பூலிடோரையும் கடைசி ஸ்பிரிண்டில் தாண்டி ரோடு பந்தய உலகச் சாம்பியன் ஆனார். முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்கு வரமாட்டோம் என்று முன்னணியில் வந்தவர்கள் மறுத்தார்கள், இவரும் சேர்த்தி. தண்டனை அறிவித்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள், பட்டம் அப்படியே நின்றது. சிரசாசனம் மட்டும் போட்டு ஜெயித்தார் என்று நம்ப நான் தயாரில்லை.

எதிர்க்காற்று:
அதை மறைக்கவில்லை, அவரும் பெரிதாக மறைத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தில் மருந்தைவிட முக்கியம் பிரெஞ்சுக்காரர்களின் சண்டை. ஆங்கெத்தீலும் பூலிடோரும், மற்றவன் ஜெயிப்பதைவிட ஜெர்மன்காரன் ஜெயிக்கட்டும் என்று இருந்தவர்கள். நம் ஊர்ப் பங்காளித் தகராறு தோற்றது! முந்தின வருடம் இதே பட்டத்தை ஸ்பிரிண்டில் இங்கிலாந்தின் டாம் சிம்ப்சனிடம் விட்ட ஆல்ட்டிக்குக்கு இந்தத் தடவை வழி கிடைத்தது.

பஞ்சர்_பாண்டி:
நன்றி மக்களே. அதற்கப்புறம்?

ஒற்றைகியர்:
1968இல் இத்தாலியின் ஒருநாள் பந்தயமான மிலான்–சான்ரெமோவை ஜெயித்தார். 1971இல் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர், டிவி வர்ணனை. 2016 ஜூனில் இறந்தார், 79 வயது. அந்தப் படத்தின் சுட்டி இருந்தால் போடுங்கள், கைகளை எப்படி ஊன்றியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும், எனக்கு இன்னும் சுவர் இல்லாமல் நிற்க வரவில்லை.