நினைவகம் கூட்டுவதற்கு முன் வெப்பத்தைப் பாருங்கள்: பழைய வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினியுடன் என் அனுபவம்

பழைய வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினியை, அதாவது கனமான தொழில்முறை வேலைகளுக்கான மடிக்கணினியை, மேம்படுத்துவதா, புதிதாக ஒன்றை வாங்கிவிடுவதா என்ற கேள்வி இந்த இழையில் அடிக்கடி எழுகிறது. கட்டடங்களுக்கான கட்டமைப்புப் பகுப்பாய்வு செய்வது என் தொழில். ஆறு கோர்கள் கொண்ட எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, தனி கிராஃபிக்ஸ் சில்லு, நான்கு ரேம் ஸ்லாட்டுகள் ஆகியவை உள்ள 15 அங்குலக் கணினி ஒன்றைப் பல ஆண்டுகளாக அதற்குப் பயன்படுத்தி வருகிறேன். அதைத் திறந்து, தூசி நீக்கி, பாகம் மாற்றி, இன்றும் முழு வேலை வாங்கி வருகிறேன். எந்தப் பாகத்தை வாங்குவது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

கணினி மந்தமானவுடன் ரேம் வாங்கலாமா, எஸ்எஸ்டி வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறோம். நான் முதலில் செய்தது, வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, வழக்கமாக நேரம் எடுக்கும் ஒரு கட்டட மாதிரியின் பகுப்பாய்வை ஓடவிட்டு, எண்களைக் கவனித்ததுதான். தொடக்கத்தில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் ஓடிய கோர்கள், வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டவுடன் படிப்படியாக இறங்கி, அடிப்படை வேகமான 2.6 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே போய் நின்றன. ரேமில் அப்போது இடம் மீதம் இருந்தது. வட்டும் ஏறக்குறைய சும்மாதான் இருந்தது. அந்த நிலையில் எவ்வளவு ரேம் சேர்த்திருந்தாலும் அந்த வேலை ஒரு நிமிடம்கூட முன்னதாக முடிந்திருக்காது. இவ்வகைக் கணினிகள் பலவற்றில் செயலிக்கும் கிராஃபிக்ஸ் சில்லுக்கும் வெப்பக் குழாய்கள் பொதுவாக இருப்பதால், கிராஃபிக்ஸுக்கு வேலை கூடினாலே செயலியும் சூடாகிவிடுகிறது என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூசி நீக்குவது பற்றி இங்கே ஒரு நண்பர், வெளியிலிருந்து காற்றை அடித்தாலே போதும் என்று எழுதியிருந்தார். புதிய கணினிக்கு அது போதலாம். பல ஆண்டுகள் ஓடியதற்குப் போதாது. விசிறி காற்றைத் தள்ளும் பக்கத்தில், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில்தான் தூசி சேர்கிறது. என் கணினியில் விசிறியைக் கழற்றியபோது அந்த இடுக்கு முழுவதையும் கம்பளித் துண்டு போன்ற ஒரு படலம் அடைத்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாகவே வந்துவிட்டது. வெளியிலிருந்து அடிக்கும் காற்று அந்தப் படலத்தைப் பின்னால் தள்ளுமே தவிர வெளியேற்றாது. காற்றடிக்கும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். கட்டுப்பாடில்லாமல் சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும்.

செயலியின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டால், இரண்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். மடிக்கணினிச் செயலிகளுக்கு மேலே உலோக மூடி கிடையாது. சிலிக்கான் சில்லு நேரடியாக, பேஸ்ட் மட்டுமே இடையில் இருக்க, ஹீட்சிங்கின் தகட்டைத் தொடுகிறது. சூடாவதும் ஆறுவதுமாக மாறிமாறி நடக்கும்போது அது விரிந்து சுருங்கி, நீர்த்த பேஸ்ட்டை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. மேசைக் கணினியில் நன்றாக உழைத்த ஒரு பேஸ்ட் மடிக்கணினியில் சில மாதங்களிலேயே பயனிழப்பதற்கு இதுவே காரணம். நான் ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற தாளுக்கு மாறினேன். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும் அது ஏறக்குறைய 45 டிகிரியில் இளகி, இடைவெளிகளை நிரப்பிக்கொள்கிறது. ஓரத்துக்கு ஒதுங்குவதும் மிகக் குறைவு. முதல் சில சூடேற்றங்களுக்குப் பிறகுதான் அதன் முழுப் பயன் தெரியும் என்பதால், பொருத்தியவுடன் அளந்து ஏமாற்றமடைய வேண்டாம். ஹீட்சிங்கில் திருகுகளுக்கு அருகே 1, 2, 3 என எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். கிராஃபிக்ஸ் நினைவகத்தின் மேல் உள்ள, வெப்பம் கடத்தும் மென்மையான பட்டையான தெர்மல் பேடை மாற்றுவதாக இருந்தால் பழையதன் தடிமனை அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் தகடு செயலியின் மேல் சரியாக உட்காராது.

இத்தனையும் முடிந்த பிறகு அதே மாதிரியை மீண்டும் ஓட்டினேன். வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவில்லை. விசிறியின் இரைச்சலும் குறைந்திருந்தது.

அதன் பிறகுதான் ரேம். மாதிரிகள் பெரிதாகப் பெரிதாக 32 ஜிபி நிரம்பி, தரவு வட்டுக்கு வழியத் தொடங்கியது. அந்த நிலையில் 64 ஜிபிக்கு மாறியது கண்கூடான பலன் தந்தது. நான்கு ஸ்லாட்டுகள் உள்ள சில கணினிகளில் இரண்டு அடிமூடிக்கு அருகிலும் மற்ற இரண்டு விசைப்பலகைக்குக் கீழேயும் இருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். விசைப்பலகையின் நாடாக் கேபிளைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாள் நகத்தால் மெதுவாக மேலே தூக்க வேண்டிய ஒன்று, இழுத்தால் உடைந்துவிடும். எந்தப் பாகத்தையும் தொடுவதற்கு முன் உட்புற பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதைப் பயாஸிலிருந்தே (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அணைத்துவைக்கும் வசதியும் சில கணினிகளில் உண்டு. புதிய ரேமுடன் முதல் முறை இயக்கும்போது திரை சற்று நேரம் கருப்பாகவே இருக்கலாம்; கணினி நினைவகத்தைச் சோதித்துப் பழகிக்கொள்ளும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். பிழையுள்ள ரேம் கணினியை நிறுத்திவிட்டால்கூடப் பரவாயில்லை, எந்த அறிகுறியும் காட்டாமல் கணக்கின் விடையை மாற்றிவிட்டால் என் தொழிலில் அது பேராபத்து. பிழைகளைத் தானே கண்டறிந்து திருத்தும் இசிசி ரேம் வேண்டும் என்பவர்கள் தங்கள் செயலி அதை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தலைமுறை மடிக்கணினிகளில் இன்டெல்லின் ஸியான் வகைச் செயலி இருந்தால்தான் அது இசிசியாக வேலை செய்யும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை அதன் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் பொருத்தினால், வினாடிக்கு சுமார் 3.5 ஜிபி என்ற பழைய வேகத்தில்தான் அது ஓடும். கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸ் புதுப்பிப்பதற்கோ பாகம் மாற்றுவதற்கோ முன்பு அதைத் தற்காலிகமாக நிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது அடாப்டர். அசலுக்குப் பதிலாகக் குறைந்த வாட் அடாப்டரைச் செருகினால், கணினி இயங்கும். ஆனால் செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் குறைவாக இருந்தும் வேகம் ஏறவில்லை என்றால் முதலில் அடாப்டரில் அச்சிட்டுள்ள வாட் எண்ணைப் பாருங்கள். எப்போதும் மின்இணைப்பிலேயே இருக்கும் கணினிக்கு, மின்னேற்றத்தின் உச்ச அளவை 80 விழுக்காட்டில் நிறுத்திவைப்பது பேட்டரியின் ஆயுளைக் கூட்டும். டச்பேட் மேலெழும்பியதாகத் தெரிந்தாலோ அடிமூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அதைக் குத்தாமல், அழுத்தாமல் உடனே கழற்றிவிட வேண்டும்.

வெப்பத்தைக் குறைக்கச் செயலியின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் உத்தியைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். மின்னழுத்தத்தை மாற்றியே செயலியைத் தாக்க இடம் தரும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2019 டிசம்பரில் வெளியான பின், பல கணினிகளின் பயாஸ் புதுப்பிப்புகள் அந்த வழியைப் பூட்டிவிட்டன. அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் செயலிகளிலிருந்தே தொடங்குகிறது. அதற்கும் முந்தைய கணினியில் பணம் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள். புதிதாக வாங்குவோர் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். டெல் 2022இல் பிரிசிஷன் வரிசையில் கொண்டுவந்த காம் வகை ரேம், 2023 டிசம்பரில் காம்2 என, நினைவகத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையானது. திருகைக் கழற்றி மாற்றக்கூடிய இவ்வகை உள்ள கணினிக்கே நான் முன்னுரிமை தருவேன்.

ஆலோசனை கேட்பவர்கள் கணினியின் மாதிரிப் பெயரோடு, முழுச் சுமையில் பத்து நிமிடம் ஓடிய பின் உள்ள வெப்பநிலை, கோர் வேகம், ரேம் பயன்பாடு, அடாப்டரின் வாட் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இருந்தால் எதை மாற்றுவது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.