ஸ்கோர்போர்டு ஸ்கிரிப்டுகளை 'சேஃப்' இன்டர்பிரட்டரில் பூட்டலாமா? கேரம் கிளப் பஞ்சாயத்து

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
போன மாதம் அரையிறுதியில் நடந்த கூத்து பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நம் கிளப் ஸ்கோர்போர்டு நான் டிக்கிள்-டிகேயில் எழுதியது (டிக்கிள் ஒரு நிரல்மொழி, டிகே அதோடு வரும் ஜன்னல், பட்டன் போடுகிற தொகுப்பு). நடுவில் புள்ளிக் கணக்கு, இரண்டு ஓரத்திலும் டீமுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன காட்டலாம் என்பதை டீம் பையன்களே ஸ்கிரிப்டாக எழுதி பென்டிரைவில் கொடுப்பார்கள், என் புரோகிராம் 'சோர்ஸ்' போட்டு அப்படியே ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு ஸ்கிரிப்ட் 'கிராப் -குளோபல்' போட்டுவிட்டது. மவுஸ், கீபோர்டு எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, கடைசியில் லேப்டாப் பேட்டரியைக் கழற்ற வேண்டியதாயிற்று. கணக்கும் போனது. ரெட்டும் (சிவப்புக் காய்) ஃபாலோவும் (அதை உறுதிசெய்யப் போடும் தன் காய்) போட்டு முடித்த ஆளுக்கு அதற்கு முன் புள்ளி 21-ஆ 22-ஆ என்று சண்டை. எதிராளிக்கு மிச்சம் ஒரு காய், அதற்கு 1 புள்ளி. 21 வரைக்கும்தான் ரெட்டுக்கு 3 புள்ளி என்பது விதி, ஆகவே 21 என்றால் 25 தொட்டு ஜெயிப்பு, 22 என்றால் வெறும் 23. புள்ளி குறைவாக இருந்தவன் ஜெயிக்கிற ஆட்டத்தில் கணக்கு தொலைந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு தெரு ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

என் யோசனை இதுதான். இனி ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தனித்தனி சேஃப் இன்டர்பிரட்டரில், அதாவது ஆபத்தான கட்டளைகளை மறைத்துவிட்டு நிரலை ஓட்டும் தனிச் சூழலில், ஓடட்டும். அதற்குள் டிகேயை 'சேஃப்::லோட்டிகே' மூலம் ஏற்றி, '-யூஸ்' கொடுத்து, நான் ஒதுக்கிய கட்டத்தில் (கன்டெய்னர் ஃபிரேம்) உட்கார வைத்துவிடலாம். நேரடியாக 'லோட்' போட்டு யாரும் டிகேயை உள்ளே இழுக்க முடியாது. உள்ளே வரும்போதே டிகே தாய் இன்டர்பிரட்டரை, அதாவது என் ஸ்கோர்போர்டு ஓடுகிற இன்டர்பிரட்டரை, கேட்கும், நாம் முன்கூட்டியே அனுமதி எழுதி வைக்காவிட்டால் 'அனுமதி இல்லை' என்று திரும்பிவிடும்.

காசிமேடு பழைய கை:
தம்பி, ஆளை வீட்டுக்குள்ளேயே குடிவைத்துவிட்டு ரூமுக்குப் பூட்டு போடுகிறேன் என்கிறாய். ஒரே புராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரே புரோகிராமுக்குள்) வேலி போட்ட கதைகள் எல்லாம் எப்படி முடிந்தன? பிரவுசருக்குள் ஓடிய ஜாவா ஆப்லெட் போனது, ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு மூட்டை கட்டியது. உன் சேஃப் இன்டர்பிரட்டருக்குள் ஒருவன் முடிவே இல்லாத 'வைல் 1' ஒன்று எழுதினால் போதும், அதே திரெட்டில் ஓடும் உன் ஸ்கோர்போர்டும் சேர்ந்து நிற்கும். தொல்லை கொடுப்பதையும் முடக்குவதையும் முழுசாகத் தடுக்க நாங்கள் முயலவில்லை என்று இந்த வசதிக்கான டிக்கிளின் 'சேஃப் பேஸ்' கையேடே சொல்கிறது. தனி யூசர், தனி புராசஸ், பிரச்சனை வந்தால் 'கில்' அடித்து நிறுத்து. டிகே ஸ்கிரிப்டை ஓட்டும் 'விஷ்' புரோகிராமுக்கு 'விஷ் -யூஸ்' என்று ஜன்னல் எண்ணைக் கொடுத்தால் வேறு புராசஸின் ஜன்னலும் உன் கட்டத்துக்குள் உட்காரும், அழகிலும் குறைச்சல் இருக்காது.

எண்ணூர் ஷிஃப்ட்:
சிலேட்டும் சாக்பீஸும் வாங்கித் தரட்டுமா? பேட்டரி கழற்ற வேண்டாம்.

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
அண்ணே, தனி புராசஸ் வைத்தால் ஃபைல் தப்பிக்கும், ஒப்புக்கொள்கிறேன். திரை தப்பிக்காது. நம் லேப்டாப்பில் திரையையும் ஜன்னல்களையும் கவனிப்பது எக்ஸ் என்ற மென்பொருள். ஒரே எக்ஸ் சர்வரில் சேர்ந்துவிட்ட புரோகிராம் எதுவானாலும் மற்ற ஜன்னலில் நான் தட்டும் எழுத்தைப் படிக்கலாம், திரையைப் படம் எடுக்கலாம், முழுத் திரையையும் மூடி நிற்கலாம். அன்றைக்கு நம்மைக் கவிழ்த்த அந்த கிராப்பைத் தனி புராசஸிலிருந்தும் போட முடியும்! மவுஸே நகராத நிலையில் எந்த டெர்மினலைத் திறந்து கில் அடிப்பீர்கள்? போதாக்குறைக்கு 'செண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதே திரையில் இருக்கும் இன்னொரு டிகே புரோகிராமுக்குள் கட்டளையை அனுப்பி ஓட்ட வைக்கிற வசதி அது. நீங்கள் தனி யூசருக்கு முழு டிகேயைக் கொடுக்கிறீர்கள், நான் அதே யூசருக்குப் பல் பிடுங்கிய டிகேயைக் கொடுக்கிறேன். திரையைப் பொறுத்தவரை என்னுடையதுதான் இறுக்கம்.

வியாசை பையன்:
அந்த கிராப் ஸ்கிரிப்ட் என்னுடையதுதான். வேண்டுமென்றே செய்யவில்லை, எங்கோ கிடைத்த டயலாக் பாக்ஸ் கோடை அப்படியே ஒட்டினேன், அதில் அது இருந்தது. மன்னிப்பு ஏற்கெனவே கேட்டாயிற்று, டீயும் வாங்கிக் கொடுத்தாயிற்று, அதோடு விடுங்கள்.

ஆனால் அண்ணா, நேற்று லோட்டிகேயில் என் போர்டைப் போட்டுப் பார்த்தேன், பாதி வேலை செய்யவில்லை. 'மெனு' இல்லை. தனி ஜன்னல் திறக்கும் 'டாப்லெவல்' இல்லை. ஜன்னலின் தலைப்பு, அளவைக் கவனிக்கும் 'டபிள்யூஎம்' இல்லை, அதனால் டைட்டில் கூட மாற்ற முடியவில்லை. அதாவது பரவாயில்லை, ஆட்டக்காரர் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு காம்போபாக்ஸ் (அழுத்தினால் கீழே விரியும் பட்டியல்) வைத்திருந்தேன், அம்புக்குறியை அழுத்தினால் எர்ரர் அடிக்கிறது. பெட்டியை வைக்க விடுகிறது, விரிக்க விடவில்லை. கையைக் கட்டிவிட்டு ஸ்டிரைக்கரைக் கொடுத்தால் எப்படி ஆடுவது? நாலு பசங்க எழுதுற ஸ்கிரிப்டுக்கு இவ்வளவு பந்தோபஸ்தா?

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
காம்போபாக்ஸ் கீழே விரியும்போது உள்ளுக்குள் திறப்பது ஒரு டாப்லெவல், அதனால்தான் அங்கே போய் முட்டுகிறது. லிஸ்ட்பாக்ஸோ ரேடியோ பட்டனோ வை, ஓடும். மறைத்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது தம்பி. மெனு என்றால் சின்னதாக விரிவது என்று நாம் நினைக்கிறோம், அது ஒரு ஜன்னல், திரை முழுக்க விரித்து நீ தட்டுவதை எல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளலாம். கிளிப்போர்டு ஏன் இல்லை? நீ ஏதோ காப்பி செய்திருப்பாய், ஸ்கிரிப்ட் கமுக்கமாக அந்த இடத்தில் ஃபைல்களை அழிக்கும் கட்டளையை வைத்துவிடும், நீ டெர்மினலில் போய் பேஸ்ட் பண்ணுவாய். எனக்குப் பிடித்தது 'டிகே' என்ற கட்டளையையே மறைத்திருப்பது. செண்டை மறைத்து என்ன பயன், டிகே கட்டளை வழியாக அதை மறுபடி உயிர்ப்பிக்கலாம் என்று அதையும் சேர்த்தே மறைத்திருக்கிறார்கள். பெல் கூட கிடையாது, விடாமல் அடித்துக்கொண்டே இருப்பான் என்று. உன்னை மாதிரி ஆளை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

காசிமேடு பழைய கை:
அவ்வளவு யோசித்தவர்கள் 'டிகேவெயிட்' புராசஸை நிறுத்திவிடும் என்று மறைத்துவிட்டு, அதே மாதிரி காத்திருக்க வைக்கும் 'விவெயிட்'டை சேஃப் இன்டர்பிரட்டரில் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கவனித்தாயா? பட்டியலை நம்பிக் காவல் வைத்தால் இதுதான் கதி.

எம்சி ரோடு:
ரெண்டு பேரும் வேலியைப் பற்றியே பேசுகிறீர்கள், கதவைப் பார்க்கவில்லை. நான் சிப் டிசைன் வேலையில் இருக்கிறேன், அங்கே எல்லா டூலும் டிக்கிளில்தான் பேசும், பதினைந்து வருடமாக அதோடுதான் குடும்பம். முதலில் ஒரு விஷயம்: இது நேற்று முளைத்த ஐடியா இல்லை. மின்னஞ்சலில் படம், கோப்பு அனுப்ப வழிசெய்த மைம் தரத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான நதேனியல் போரென்ஸ்டைனும் மார்ஷல் ரோஸும் மின்னஞ்சலில் வரும் நிரலை ஆபத்தில்லாமல் ஓட்டுவதற்காக 'சேஃப்-டிக்கிள்' என்று ஒன்று செய்தார்கள், பிறகு 1996-இல் டிக்கிள் 7.5-இல் அது மூலமொழிக்குள்ளேயே வந்தது. யாரோ அனுப்பும் கடிதத்துக்குள் இருக்கும் நிரலை ஓட்டத் துணிந்தவர்கள், உங்கள் பென்டிரைவுக்கு அது போதாதா என்ன.

ஆனால் ஸ்டிரைக்கர் தம்பி, ஸ்கிரிப்ட் புள்ளியைக் கேட்க, மாற்ற, உன் தாய் இன்டர்பிரட்டருக்குள் ஏதாவது 'அலையாஸ்' (சேஃபுக்குள் அழைத்தால் தாயில் ஓடும் கட்டளை) கொடுத்திருப்பாயே? அந்த புரொசீஜரைப் போடு.

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
ஒன்றே ஒன்றுதான் அக்கா. 'போனஸ்' என்று ஒரு அலையாஸ். டீம் கொடுக்கிற எண்ணை வாங்கி, 'எக்ஸ்ப்ர் $பழையது + $புதியது' என்று கூட்டித் திருப்பும். அவ்வளவுதான்.

எம்சி ரோடு:
அடுப்பங்கரைச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு வாசலில் மூன்று பூட்டு. கணக்குப் போடும் எக்ஸ்ப்ருக்குச் சுருள் அடைப்பே போடவில்லை நீ. ஸ்கிரிப்ட் எண்ணுக்குப் பதிலாக, சதுர அடைப்புக்குள் எக்ஸெக் (வெளிப் புரோகிராமை ஓட்டும் கட்டளை) வைத்த ஒரு சரத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? மாறியின் மதிப்பு முதலில் உள்ளே போகும், பிறகு எக்ஸ்ப்ர் அதை இரண்டாம் தடவை விரித்துப் பார்க்கும், அந்த எக்ஸெக் ஓடும். எங்கே ஓடும்? சேஃபில் இல்லை, எல்லா அதிகாரமும் இருக்கிற உன் தாயில். அவன் எக்ஸெக்கை உடைக்கவே வேண்டாம், நீயே அவனுக்காக அடித்துக் கொடுக்கிறாய். சுருள் அடைப்பு போடு, அதற்கு முன் 'ஸ்டிரிங் இஸ் இன்டிஜர் -ஸ்டிரிக்ட்' வைத்து எண்தானா என்று பார். அலையாஸ் வழியாக உள்ளே வருகிற எதையும் கட்டளையாக நினைக்காதே, சரத்தைக் கட்டளையாக ஓட்டும் 'எவால்' பக்கமே போகாதே. நான் பார்த்த ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த மாதிரி அலையாஸில்தான் இருந்தன. லோட்டிகேயைக் குறை சொல்ல அங்கே எதுவுமே இருக்காது.

வியாசை பையன்:
சத்தியமாக எனக்கு அது தெரியாது அண்ணா. தெரிந்திருந்தால் 25 போட்டிருப்பேன்.

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
ஐயோ. இரண்டு வருடமாக அது அப்படியேதான் இருக்கிறது. இப்போதே மாற்றிவிட்டேன் அக்கா.

காசிமேடு பழைய கை:
பார்த்தாயா? நான் சொன்னது இதைத்தான். தனி புராசஸாக இருந்தால் இரண்டையும் இணைக்கும் பைப்பில் வெறும் எழுத்துதான் வரும்.

எம்சி ரோடு:
பைப்பில் வந்த எழுத்தையும் அதே அடைப்பில்லாத எக்ஸ்ப்ரில் போட்டால் அதே கதிதான் அண்ணே. ஆனால் உங்கள் முடிவில்லாத வைல் பிரச்சனை நிஜம். அதற்கு டிக்கிள் 8.5-லிருந்து 'இன்டர்ப் லிமிட்' இருக்கிறது, கட்டளை எண்ணிக்கைக்கும் வைக்கலாம், நேரத்துக்கும் வைக்கலாம், எல்லை தாண்டினால் வருகிற எர்ரரை அந்த ஸ்கிரிப்ட் 'கேட்ச்' போட்டு விழுங்க முடியாது. இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். நேரத்துக்குக் கொடுக்கிற விநாடி 'இன்னும் இத்தனை விநாடி' என்று அர்த்தமில்லை, 1970-லிருந்து எண்ணுகிற கடிகார நேரம். 2 என்று கொடுத்தால் 1970 ஜனவரியிலேயே கெடு முடிந்துவிட்டது என்று அர்த்தம், ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே செத்துவிடும். இப்போதைய நேரத்தோடு 2-ஐக் கூட்டிக் கொடுக்க வேண்டும். கட்டளை எண்ணிக்கையோ பிறந்ததிலிருந்து மொத்தக் கணக்கு. அரை மணி நேர ஆட்டத்தில் எந்தத் தப்பும் செய்யாத போர்டும் மெதுவாக எண்ணி எண்ணி ஒரு கட்டத்தில் எல்லையைத் தொட்டுவிடும், அதனால் அவ்வப்போது எல்லையைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டன் அழுத்தினால் ஓடுகிற கோடும் இந்தக் கணக்கில்தான் வரும்.

காசிமேடு பழைய கை:
அந்த லிமிட் கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவில்தானே எட்டிப் பார்க்கும்? ஒரே ஒரு ரெக்எக்ஸ்ப் (எழுத்து வடிவம் தேடும் கட்டளை) சிக்கலாக எழுதி அதிலேயே ஒரு நிமிடம் இழுத்தால் உள்ளே கை வைக்க வழியில்லை. மெமரிக்கு எல்லையே கிடையாது. விவெயிட்டுக்கும் நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

எம்சி ரோடு:
விவெயிட்டை 'இன்டர்ப் ஹைட்' போட்டு நாமே மறைத்துவிடலாம். டிகேவெயிட்டை மறைத்த மாதிரிதான். போர்டுக்கு அது தேவையும் இல்லை. ரெக்எக்ஸ்ப்பும் மெமரியும் நீங்கள் சொன்னபடிதான், மறுக்கவில்லை.

எண்ணூர் ஷிஃப்ட்:
ஜான் ஔஸ்டர்ஹவுட் பெர்க்லியில் டிக்கிளை ஆரம்பித்தது 1988. ஐசிஎஃப் நம் சென்னையில் தொடங்கியதும் 1988. பெரம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், ரயில் பெட்டி ஐசிஎஃப் இல்லை, சர்வதேச கேரம் கூட்டமைப்பு. ரெண்டையும் சேர்த்து வைத்து உயிரை எடுப்பது நாம் மட்டும்தான்.

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
சரி, ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் மேட்சுக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன். டீம் கட்டங்கள் லோட்டிகேயில், விவெயிட் மறைத்து, லிமிட் போட்டு. கேரமில் ஒவ்வொரு போர்டு (ஒரு சுற்று) முடிந்ததும் புள்ளி ஃபைலில் விழும், இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு தெருவும் பேசிக்கொண்டிருக்கும். பழைய கை அண்ணே, இறுதி ஆட்டத்துக்கு மட்டும் நீங்கள் சொல்கிற மாதிரி தனி யூசர், ஸெஃபைரில் (ஒரு ஜன்னலுக்குள் ஓடும் இன்னொரு எக்ஸ் சர்வர்) தனித் திரை வைத்துப் பார்க்கலாம். அந்த லேப்டாப் ரெண்டையும் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

காசிமேடு பழைய கை:
தாங்கும். அந்தக் கறுப்பு லேப்டாப்பை நான் கொண்டு வருகிறேன். வேலி மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று மட்டும் எழுதாதே.

வியாசை பையன்:
காம்போபாக்ஸை எடுத்துவிட்டு ரேடியோ பட்டன் வைத்துவிட்டேன், ஓடுகிறது. ஒரே ஒரு கோரிக்கை அண்ணா. வீட்டில் லோட்டிகே போட்டபோது ஜன்னல் தலையில் 'நம்பத்தகாத டிக்கிள் ஆப்லெட்' என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டை வந்தது, கீழே எங்கள் டீம் பெயர். மொத்த வியாசர்பாடியும் புரொஜெக்டரில் பார்க்கும்.

தண்டையார்பேட்டை ஸ்டிரைக்கர்:
நான் '-யூஸ்' கொடுத்து ஏற்றுவேன், அப்போது அந்தப் பட்டை வராது, கவலைப்படாதே.

எண்ணூர் ஷிஃப்ட்:
வியாசை கட்டத்துக்கு மட்டும் விட்டு வையுங்கள் தலைவா.