பௌத்தம் என்று தேடினால் பாதி நூல்கள் வருவதில்லை, உதவவும்

நூலகத் தங்கை:
அவசரம். பழைய பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டோம். நான் போட்டதை சக ஊழியர் பார்த்தார், அவர் போட்டதை நான் பார்த்தேன், ஒப்பமும் வைத்தாயிற்று. இப்போது பௌத்தம் என்று தேடினால் பாதி நூல்தான் வருகிறது. திங்கட்கிழமை காட்ட வேண்டும்.

மருதானை:
என்ன மென்பொருள்? எந்தப் புலத்தில் தேடுகிறீர்கள்?

கல்கிசைக்காரன்:
கோஹா என்றால் ஸீப்ரா என்ற அதன் தேடல் அட்டவணையை மறுபடி ஓடவிடுங்கள். எங்களுக்கு எப்போதும் அதுதான் பிரச்சினை.

நூலகத் தங்கை:
ஓம், கோஹாதான். ஓடவிட்டோம், மாற்றமில்லை.

பழைய பட்டியலாளர்:
பொருள் தலைப்புக்கான 650ஆம் புலத்தில் கையால் அடித்தால் இப்படித்தான். அதோரிட்டி கோப்பிலிருந்து, அதாவது ஒப்புக்கொண்ட தலைப்புகளின் பட்டியலிலிருந்து, எடுப்பது முதலாம் வருடப் பாடம், தங்கச்சி.

மருதானை:
சேர், பாடம் இருக்கட்டும். பழைய பட்டியல் எந்த எழுத்துருவில் இருந்தது?

நூலகத் தங்கை:
பாமினி. ஏன்?

மருதானை:
அப்போ அதுதான். பாமினியில் ஒற்றைக்கொம்பு போட்டு, எழுத்துக்குப் பிறகு ள அடித்துத்தான் ஔகாரம் எழுதுவோம். யுனிகோடில் அது ஒரே குறி. சரியாக மாற்றாவிட்டால் உள்ளே பெளத்தம் என்று ளகரமே நிற்கும். திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. கண்ணால் எத்தனை பேர் பார்த்தாலும் அகப்படாது. சரிபார்ப்பவர் தேடல் பெட்டியில் தானே அடித்துப் பார்த்த பிறகுதான் ஒப்பம் வைக்க வேண்டும்.

கல்கிசைக்காரன்:
சரி, கொம்போடு வரும் ளகரம் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால்?

மருதானை:
ஐயோ வேண்டாம்! வெளியீட்டு இடத்தில் வெள்ளவத்தை இருக்குமே, அதில் உண்மையான ளகரம், அதுவும் ஔகாரமாகி உடையும். தெளிவு, கெளுத்தி எல்லாம் போகும். பிரதி எடுத்துவைத்துவிட்டு, பௌத்தம், கௌதமர், பௌர்ணமி என்று சொல் சொல்லாக மாற்றுங்கள்.

பழைய பட்டியலாளர்:
ஒப்பம் வைத்தவர்தான் பொறுப்பு. நானென்றால் பார்க்கும்போதே திருத்திவிடுவேன்.

கொட்டாஞ்சேனை மிஸ்:
அப்படித் திருத்தினால் பதிந்தவருக்குத் தெரியவே வராது, அடுத்த பெட்டி நூல்களிலும் அதே பிழை. எங்கள் இடத்தில் பார்ப்பவர் குறித்துத் திருப்பி அனுப்புவார், பதிந்தவரே திருத்துவார்.

பழைய பட்டியலாளர்:
நூல் மலைபோல் குவிந்து கிடக்கும்போது திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க நேரம் எங்கே, மிஸ்?

கொட்டாஞ்சேனை மிஸ்:
ஒரே நூலை இரண்டு முறை திருத்த மட்டும் நேரம் இருக்கிறதா, சேர்?

கல்கிசைக்காரன்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள்.

நூலகத் தங்கை:
ளகரம்தான். பௌத்தம் முழுதாக வருகிறது. கௌதமர் இன்னும் பார்க்கவில்லை. நன்றி மருதானை.