பிடி4115 டிரைவரில் எல்இடி மின்னோட்டம் குறைவாக வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். 1 வாட் வெள்ளை எல்இடிகள் இரண்டைத் தொடராக இணைத்து, எல்இடிக்குச் சீரான மின்னோட்டம் தரும் பிடி4115 சிப்பின் துணையோடு 12 வோல்ட் சப்ளையில் எரிய வைக்கிறேன். 0.1 வோல்ட்டை, மின்னோட்டத்தை உணர உதவும் சென்ஸ் ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் எல்இடி மின்னோட்டம் கிடைக்கும் என்று டேட்டாஷீட் கூறுவதால், 0.3 ஓம் ரெசிஸ்டரைப் பொருத்தி 333 மில்லி ஆம்பியரை எதிர்பார்த்தேன். ஆனால் சப்ளையிலிருந்து வரும் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தால் 155 மில்லி ஆம்பியர்தான் காட்டுகிறது. சுருள் 68 மைக்ரோ ஹென்றி. டையோடு ஷாட்கி வகை. ஒளியைக் குறைப்பதற்கான டிம் பின்னில் எதையும் இணைக்கவில்லை. முழுச் சுற்றும், சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில் உள்ளது. ரெசிஸ்டரின் மதிப்பைக் குறைக்கலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு ரெசிஸ்டரை மாற்ற வேண்டாம். நீங்கள் அளந்தது சப்ளை தரும் மின்னோட்டம். எல்இடியில் ஓடுவது வேறு. இது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பக் வகைச் சுற்று என்பதால், சிப்புக்குள் இருக்கும் சுவிட்ச் மூடியிருக்கும்போது மட்டுமே சப்ளையிலிருந்து மின்னோட்டம் வருகிறது. சுவிட்ச் திறந்ததும், சுருளில் சேர்ந்த ஆற்றல் டையோடின் வழியே சுற்றிவந்து எல்இடியை அணையாமல் வைத்திருக்கிறது. இரண்டு எல்இடிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 6.4 வோல்ட் என்றால், சப்ளை மின்னோட்டம் எல்இடி மின்னோட்டத்தில் பாதிக்குச் சற்று மேலாகவே இருக்கும். மீட்டரை எல்இடியோடு தொடராக வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அவ்வாறு அளந்தால் 275 மில்லி ஆம்பியர் வருகிறது. இதுவும் குறைவுதானே?

மறுமொழி 2:
ஆம், ஆனால் இப்போது காரணத்தைத் தேடும் இடம் சுருங்கிவிட்டது. 0.1 வோல்ட்டை 0.275 ஆம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 0.364 ஓம் வருகிறது. உங்கள் ரெசிஸ்டரைவிட 0.06 ஓம் அதிகம். பிரெட்போர்டின் கிளிப்புகளும் மெல்லிய ஜம்பர் கம்பிகளும் சேர்ந்தால் இவ்வளவு தடை எளிதில் வந்துவிடும்; சிப் அதையும் சென்ஸ் ரெசிஸ்டரோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளும். டிம் பின்னின் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் மின்னோட்டம் குறையும். எது காரணம் என்பதை அறிய, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, முதலில், சென்ஸ் ரெசிஸ்டர் இணையும் சிப்பின் விஐஎன், சிஎஸ்என் கால்களின் மீதே முனைகளை வைத்து அளவிடுங்கள். பிறகு ரெசிஸ்டரின் உடலை ஒட்டி, அதன் இரு முனைகளிலும் அளவிடுங்கள். கால்களில் 100 மில்லிவோல்ட்டும் ரெசிஸ்டரில் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் குறை கம்பியில். இரண்டு இடத்திலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் டிம் பின்னைப் பார்க்க வேண்டும். ரெசிஸ்டரை ஓம் அளவீட்டில் சோதித்துப் பயனில்லை, மீட்டர் கம்பிகளின் தடையே அதற்கு ஈடாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
கால்களில் 100 மில்லிவோல்ட், ரெசிஸ்டரின் மேல் 82. அப்படியென்றால் கம்பிதான் காரணம். அந்தக் கூடுதல் தடையைக் கழித்து 0.24 ஓம் ரெசிஸ்டரைப் போடலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிளிப்பின் தொடுதடை கம்பியை அசைத்தாலே மாறக்கூடியது; பின்னர் இதே சுற்றைப் போர்டில் சால்டர் செய்யும்போது அந்தத் தடை மறைந்து, மின்னோட்டம் 400 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். 1 வாட் எல்இடிகளுக்கு வழக்கமான அளவு 350தான். 0.3 ஓம் ரெசிஸ்டரையே வைத்துக்கொண்டு, விஐஎன், சிஎஸ்என் கால்களை அதன் முனைகளோடு மிகக் குறுகிய, அகலமான தடத்தால் இணைத்து சால்டர் செய்யுங்கள். சப்ளை கெப்பாசிட்டரும் சிப்புக்கு அருகிலேயே இருக்கட்டும்.